வெளிச்சம் எங்கே போனது என்று கேட்ட அக்கா

குடை தொலைந்ததற்காக அவர் வருத்தப்பட்டதாக எனக்கு நினைவில்லை. அக்கரை பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்கு வரும் படகில் மறந்து வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். மறுநாளே ஜெலுத்தோங் சந்தையில் வேறொன்று வாங்கிவிட்டார், பழையதைவிட நல்லதாக. ஆனாலும் சனிக்கிழமை காலை படகேறி அக்கரைக்குப் போனார். பயணிகள் விட்டுச் செல்லும் பொருள்கள் எந்த அறைக்குப் போகின்றன என்று விசாரித்து, அந்த அறையைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் அந்த அறையை எங்களுக்கு விவரித்தார். ஒற்றைச் செருப்புகள். பானை இல்லாத ஒரு சோற்றுப்பானை மூடி. பள்ளிப் பிள்ளைகளின் தண்ணீர்ப் புட்டிகள். யாரோ தைக்கக் கொடுத்து வாங்கிய பாஜு கூரோங் என்ற மலாய்ப் பெண்கள் உடை, உறைகூடப் பிரிக்காமல்.

"குடை கெடச்சிச்சா அக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல லா. ஆனா எங்க போவும்னு தெரிஞ்சிருச்சில்ல."

சொல்லிவிட்டு மீன் முள்ளை எடுக்க ஆரம்பித்தார். குடை கிடைத்தவரைப்போலவே இருந்தது அவர் முகம்.

எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் அவரை அக்கா என்றுதான் அழைத்தார்கள். சீனர்கள், மலாய்க்காரர்கள், அவரைவிட வயதில் மூத்த எங்கள் மேலாளர் உட்பட. எனக்கு அது முதல் வேலை. அக்காவுக்கு நாற்பதை ஒட்டிய வயது இருக்கும். சுங்கை பினாங் அடுக்குமாடியில் வளர்ந்தவர். உயரம், பெரிய குரல், பேசும்போது எதிரில் இருப்பவரின் தட்டிலிருந்து கெரோப்போக் அப்பளத்தை எடுத்துக் கடிக்கும் பழக்கம். யாரும் தடுத்ததில்லை.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரைப் புரிந்துகொள்ள முடியாது. சிலிக்கான் தகட்டின் மேல் ஒளி ஓடுவதற்கான பாதைகளை வரைந்து செதுக்குவார்கள். கம்பியில் மின்சாரம் ஓடுவதுபோல இவற்றில் ஒளி ஓடும். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியவை. எவ்வளவு கவனமாகச் செதுக்கினாலும் பாதையின் பக்கச் சுவர்கள் வழவழப்பாக வருவதில்லை. ஓடும் ஒளி அந்தச் சொரசொரப்பில் பட்டுச் சிதறி, போகப் போகக் கொஞ்சம் வெளியேறிவிடும். எவ்வளவு வெளியேறும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வது என் பொறுப்பு.

அந்தக் கணக்குக்கு முக்கியமாக இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, சுவரின் மேடு பள்ளம் எவ்வளவு உயரம். இன்னொன்று, ஒரு மேடு சுவரோடு எவ்வளவு தூரம் நீள்கிறது. முதல் எண்ணை நுண்ணோக்கிப் படத்திலிருந்து ஓரளவு நம்பி எடுக்கலாம். இரண்டாவது எண் வழுக்கும். எத்தனை நீளத்துக்குப் படம் எடுத்தோம் என்பதைப் பொறுத்தே அது மாறும். அதனால் பலரும் என்ன செய்வார்கள் என்றால், கணக்கு அளவீட்டோடு ஒத்துப்போகும்வரை இரண்டாவது எண்ணை மெல்ல நகர்த்துவார்கள். ஏமாற்று என்று யாரும் இதைச் சொல்வதில்லை. வழக்கம்.

சேர்ந்த புதிதில் என் முதல் வரைபடத்தைக் கூட்டத்தில் காட்டினேன். கோடு இடமிருந்து வலமாக அழகாக இறங்கியது. அக்கா கையைத் தூக்கினார்.

"இவ்ளோ போவுதுன்னு காட்டுறீங்க. எங்க போவுது?"

வெளியே போகிறது என்றேன். வெளியே என்றால் எங்கே என்றார். பாதையைச் சுற்றியுள்ள கண்ணாடிக்குள், மேலே காற்றுக்குள், கீழே தகட்டுக்குள், பல திசைகளில் சிதறிவிடும், அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம் என்று விளக்கினேன்.

"நீங்க எடுத்துட்டீங்க. அது போயிருச்சா?"

அறையில் சிரித்தார்கள். மேலாளர் கூரையைப் பார்த்தார். அவருக்கு இது பழகிப்போன கேள்வி என்பது பிறகுதான் தெரிந்தது. காபிப்பொடி தீர்ந்தாலும், வாடிக்கையாளர் பதில் போடாவிட்டாலும், காற்றுப்பதனி ஒரு மூலையை மட்டும் குளிர்விக்காவிட்டாலும் அக்கா கேட்பது இதைத்தான். யார் தப்பு என்று கேட்கமாட்டார். ஏன் என்றும் பெரும்பாலும் கேட்கமாட்டார். எங்கே போனது என்று மட்டும்.

ஒரு முறை நானும் அவரோடு போனேன். ஜெலுத்தோங்கில் நல்ல மழை. சாலை முழங்கால்வரை நிரம்பி, நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் வடிந்துவிட்டது. இவ்வளவு தண்ணீரும் எங்கே என்று அவர் புறப்பட்டார், சாலையோர லோங்காங்கைப் பிடித்துக்கொண்டு, புதுக் குடையோடு. சாக்கடையைத் தொடர்ந்து நடக்கும் இரண்டு பெண்களை ஒரு மோட்டார் பட்டறைச் சீனக் கிழவர் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன தொலைத்துவிட்டீர்கள் என்று மலாயில் கேட்டார்.

"ஆயெர்," என்றார் அக்கா. தண்ணீர்.

கிழவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு மிக மரியாதையாகக் கையை நீட்டி, பட்டறைக்குப் பின்னால் இரண்டாகப் பிரியும், இடது பக்கம் போனால் சீக்கிரம் ஆற்றைப் பிடிக்கலாம் என்றார். அப்படித்தான் இருந்தது. ஆற்றில் கலக்கும் இடத்தில் பழுப்புத் தண்ணீர் ஒரு நெகிழிக் கூடையைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அக்கா அதைக் கோயில் தேரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். என் காலணி அன்றோடு போயிற்று.

இந்தக் குணம் எப்போதும் இனிமையாக இருந்தது என்று சொல்லமாட்டேன். எனக்கு நிச்சயம் செய்திருந்த திருமணம் நின்றபோது அலுவலகத்தில் எல்லாரும் அந்தப் பேச்சைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். கேக் வாங்கிவந்தார்கள். வேலையைக் குறைத்துக் கொடுத்தார்கள். அக்கா மட்டும் மின்தூக்கியில் என்னைப் பார்த்து, "அந்தத் தம்பி இப்ப எங்க இருக்காரு?" என்றார். எனக்குக் கோபத்தில் காது சூடானது. கதவு திறந்தது, அவர் இறங்கிப் போய்விட்டார். ஆனால் அந்த வாரம் முழுக்க நானும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தது அதே கேள்விதான். சிங்கப்பூரில், என்று சில நாள் கழித்து நானே போய்ச் சொன்னேன். தலையாட்டினார். வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்கு ஏனோ அதற்குப் பிறகு தூக்கம் வந்தது.

அவருடைய நாற்காலியைப் பற்றியும் சொல்லவேண்டும்.

பினாங்கில் எங்களைப் போன்ற தொழிற்சாலைகள் பெரும்பாலும் வேறு யாரோ வடிவமைத்ததைச் சோதித்துப் பெட்டியிலிட்டு அனுப்புகிறவை. எங்கள் நிறுவனமும் அப்படித்தான். அக்கா பல வருடம் கீழே சோதனைத் தளத்தில் இருந்தவர். ஜன்னல் இல்லாத குளிர் அறை, முடியை மூடும் தொப்பி, முழுக்கை அங்கி. வேலை பார்த்துக்கொண்டே மேல்படிப்பு முடித்தார். பிறகு வெளிநாட்டிலுள்ள தலைமையகம், பார்க்கலாம் என்று, ஒரு சிறிய வடிவமைப்பு அறையை இங்கே திறந்தது. அதில் இடம் கேட்டு அக்கா விண்ணப்பித்துக்கொண்டே இருந்தார், கிடைக்கும்வரை. கிடைத்த நாற்காலியின் முதுகுச் சாய்வில் ஒரு திருகு உடைந்திருந்தது. அது எப்போதும் இடப்பக்கம் கொஞ்சம் சரிந்தே நிற்கும். மாற்றித் தருவதாகச் சொன்னார்கள்.

"வேணாம். இது நான் கேட்டு வாங்குன நாற்காலி. கோணலா இருந்தா இருந்துட்டுப் போவுது."

அந்த அறைக்கு ஒரு ஜன்னல் இருந்தது. கார் நிறுத்துமிடம் மட்டும் தெரியும். அக்கா அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அறை தற்காலிகமானது. நாங்கள் வடிவமைத்த முதல் சிலிக்கான் சில்லில் ஒளி எவ்வளவு குறைவாக வெளியேறுகிறது என்பதைப் பார்த்துவிட்டு, அறையை நிரந்தரமாக்குவதா மூடுவதா என்று தலைமையகம் முடிவு செய்யும். மேலாளர் இதை எங்களிடம் மறைக்கவில்லை. தைப்பிங்கில் பிறந்த தமிழர், நல்ல மனிதர், பயம் வந்தால் கண்ணாடியைத் துடைப்பார். அந்த மாதங்களில் அவர் கண்ணாடி மிகச் சுத்தமாக இருந்தது.

சில்லுகள் வந்தன. நீளப் பாதை, நடுத்தரப் பாதை, குட்டைப் பாதை என்று வெவ்வேறு நீளத்தில் வெட்டி, ஒரு முனையில் ஒளியைச் செலுத்தி, மறுமுனையில் எவ்வளவு வருகிறது என்று அளந்தோம். நீளம் கூடக்கூட எவ்வளவு குறைகிறதோ அதுதான் வெளியேறியது. விடை என் கணக்கு சொன்னதைவிடக் குறைவாக வந்தது. கணிசமாகக் குறைவு. நல்ல செய்தி. நம் சுவர்கள் நாம் நினைத்ததைவிட வழவழப்பு என்று மேலாளர் மகிழ்ந்தார். வெள்ளிக்கிழமைக்குள் அந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் நகர்த்தி, கணக்கையும் அளவீட்டையும் ஒரே கோட்டில் கொண்டுவந்துவிடும்படி என்னிடம் சொன்னார். செய்யக்கூடியதுதான். அரை மணி நேர வேலை.

"அப்ப மிச்ச வெளிச்சம்?" என்றார் அக்கா.

எந்த மிச்சம் என்று மேலாளர் கேட்டார்.

"இந்தப் புள்ள கணக்குப்படி வெளிய போயிருக்கணும். போகலன்னு மீட்டர் சொல்லுது. போக வேண்டியது போகாம என்ன பண்ணுது?"

கணக்கு தப்பாக இருக்கலாம் என்றார் மேலாளர். இருக்கலாம் என்று நானும் ஒத்துக்கொண்டேன். அக்காவும் மறுக்கவில்லை. ஆனால் எண் கெட்டதாக வந்திருந்தால் நாம் எல்லாரும் இந்நேரம் காரணம் தேடிக்கொண்டிருப்போம், நல்லதாக வந்ததால் மட்டும் எப்படிச் சும்மா இருக்கிறோம் என்றார். மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா என்னைக் கீழே சோதனைத் தளத்துக்குக் கூட்டிப்போனார். பழைய தோழிகள் அவரைச் சூழ்ந்துகொண்டு, மேல்மாடிக்காரி வந்துட்டா, இனி ஏசியில குளிருதும்பா என்று கிண்டல் செய்தார்கள். அவர் பதிலுக்கு ஒருத்தியின் தொப்பியை இழுத்துவிட்டு மேசையில் உட்கார்ந்தார். பாதையின் மறுமுனையில் ஒளியை வாங்கிக்கொள்ளும் கண்ணாடி இழை இருந்தது. அதைத் திருகால் மெல்ல நகர்த்தினார். பாதைக்கு நேராக இருந்த இழை பக்கவாட்டில் விலகிக்கொண்டே போனது. பாதை இல்லாத இடம். அங்கே எதுவும் வரக்கூடாது. மீட்டர் சுழியத்துக்கு வர மறுத்தது. குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

"பாரு," என்றார். வேறு நேரங்களில் பெருங்குரல்காரர், அப்போது மட்டும் கிசுகிசுத்தார். "வீடே இல்லாத எடத்துல வெளக்கு எரியுது."

நாங்கள் செய்த பிழை அதுதான். எல்லாச் சோதனைப் பாதைகளையும் நேர்கோட்டில் வரைந்திருந்தோம். நேர்கோடு வரைய எளிது, இடமும் குறைவு. ஆனால் உள்ளே நுழையும் இடத்திலேயே பாதைக்குள் போகாமல் சிந்திய ஒளியும், வழியில் சிதறிய ஒளியில் ஒரு பங்கும், பாதையைச் சுற்றியுள்ள கண்ணாடிக்குள் அதே திசையில் ஓடி, அதே மறுமுனைக்கு வந்து சேர்ந்துவிட்டன. எங்கள் அகலமான இழை பாதையில் வந்ததையும் வெளியே வந்ததையும் சேர்த்து விழுங்கியது. நீளப் பாதையில் உண்மையான ஒளி குறைந்த அளவை இந்த வழி தவறிய ஒளி ஈடுகட்டிக் காட்டியது. எண் நன்றாக வந்தது சுவர் வழவழப்பாக இருந்ததால் அல்ல.

அதே தகட்டின் ஓரத்தில் வேறொரு சோதனைக்காக யாரோ வரைந்த வளைந்த பாதைகள் இருந்ததை அக்கா நினைவில் வைத்திருந்தார். அவற்றில் ஒளி ஒரு வரிசையில் நுழைந்து, வளைந்து, வெகு தூரம் தள்ளி இன்னொரு வரிசையில் வெளிவரும். வெளியே நேராக ஓடுகிற ஒளி அங்கே வந்து சேராது. அளந்தோம். என் கணக்கு சொன்ன அளவுக்குக் கிட்டத்தில் வந்தது. எந்த எண்ணையும் நகர்த்தாமல்.

எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. படியேறும்போதுதான் அது எங்கள் அறைக்கு என்ன செய்யும் என்பது உறைத்தது. நான் நின்றுவிட்டேன். அக்கா இரண்டு படி மேலே போய்த் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும் லா. ரூம் போயிரும்."

சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்று கேட்டேன்.

அவர் கைப்பிடியைத் தட்டிக்கொண்டு உண்மையாகவே யோசித்தார். "இருக்கலாம். ஆனா அப்பறம் அந்த நாற்காலில உக்காந்து நான் யாரைப் பாத்து என்ன கேக்குறது?"

மேலாளரும் மோசமாக நடந்துகொள்ளவில்லை. நேர்ப்பாதை எண்ணைக் காட்டுவோம், வளைந்த பாதையைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்வோம், பொய் இல்லையே என்று தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டார். வாடிக்கையாளர் இந்தச் சில்லைத் தங்கள் கருவியில் பொருத்திய பிறகு தெரிந்துவிடாதா என்று அக்கா கேட்டார். தெரியும், நாளாகும் என்றார் அவர்.

"அப்ப அவங்க ஒக்காந்து எங்க போச்சு எங்க போச்சுன்னு தேடணும். அவங்களுக்கு வேற வேலை இல்லியா சார்?"

மேலாளர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார். நீங்களே பேசிவிடுங்கள் அக்கா என்றார்.

தலைமையகத்தோடு நடந்த காணொளிக் கூட்டத்தில் அவர்தான் பேசினார். கெட்ட செய்தி சொல்கிறோம் என்பதை ஐந்தாவது வாக்கியத்திலேயே மறந்துவிட்டார். ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்குப் போகும் பேருந்தை வைத்து ஆங்கிலத்தில் விளக்கினார். நடுவழியில் இறங்கியவனும் அதே சாலையில் நடந்து ஜெட்டிக்கு வந்துவிட்டான், நாங்கள் அவனையும் பேருந்தில் வந்தவன் என்று எண்ணிவிட்டோம். வழியில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று தெரியவேண்டுமானால் பேருந்து வேறு தெருவில் திரும்பவேண்டும். கையை வீசிப் பேசியதில் பக்கத்தில் இருந்த பால் இல்லாத கோப்பி ஓ குவளை கவிழ்ந்தது. திரையில் இருந்தவர்கள் குறிப்பெடுத்தார்கள். நன்றி சொன்னார்கள். மிகத் தெளிவான ஆய்வு என்று பாராட்டினார்கள்.

சில வாரத்தில் முடிவு வந்தது. வடிவமைப்பு தலைமையகத்துக்கே திரும்புகிறது. மேலாளரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். எண்ணை நகர்த்தாமலே கணக்கு சரியாக இருந்ததால் என்னைத் தங்கள் கணக்கீட்டுக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். நான் பினாங்கிலிருந்தே வேலை செய்யலாம். அக்கா சோதனைத் தளத்துக்குத் திரும்பவேண்டும்.

இது நியாயமே இல்லை என்று அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் அன்று நன்றாக இல்லை. மூக்கு சிவந்திருந்தது. மேசை இழுப்பறையிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். பையை இழுத்து மூடினார். பிறகு, "இந்த ரூமு என்னா ஆவுதாம்?" என்றார். அட்டைப்பெட்டி வைக்கும் அறையாக மாற்றப்போகிறார்களாம் என்றேன். "காலிப் பெட்டியா, சாமான் உள்ளதா?" என்று கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அறையைக் காலி செய்த அன்று நாற்காலிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அக்கா அவர்களோடு மின்தூக்கியில் இறங்கிப் போனார், தன்னுடையது எங்கே போகிறது என்று பார்க்க. நல்ல நாற்காலிகள் கணக்குப் பிரிவுக்குப் போயின. கோணலானது யாருக்கும் வேண்டாம் என்று வாசல் காவலர் சாவடிக்குப் போனது. அங்கே ஒரு நேப்பாளக் காவலர் பல மாதமாக நெகிழி முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு அக்கா காலையில் தளத்துக்குப் போகும்போது சாவடியில் நின்று காவலரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார். நான் இப்போது வரையும் எந்தச் சோதனைப் பாதையும் கடைசியில் பக்கவாட்டில் வளைந்துதான் முடிகிறது. புதிதாகச் சேருகிறவர்கள் இடம் வீணாகிறதே என்று கேட்பதுண்டு. நடந்து வருகிறவனை எண்ணக்கூடாது என்று சொல்லிவிட்டு, பிறகு பேருந்திலிருந்து ஆரம்பித்து விளக்கவேண்டியிருக்கும்.

சில காலம் கழித்து அக்கா பட்டர்வொர்த்தில் ஒரு சிறிய நிறுவனத்துக்கு மாறிப் போனார். ரயில் நிலையத்துக்குப் பின்னால், கடைவரிசையில், மேல்மாடி, படிக்கட்டு வாசலில் பூட்டுக் கடை. காணாமப் போயிட்டான்னு யாரும் சொல்லக்கூடாது என்று எல்லாரிடமும் முகவரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். நான் வாசல்வரை கூடப் போனேன். சாவடியில் நின்று, கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லிக் காவலரைக் கேட்டார். அவர் எழுந்து வணக்கம் வைத்தார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகு இடப்பக்கம் சரிந்தது. அப்படியே சரிந்து உட்கார்ந்து, கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். ஒரு சரக்கு லாரி வாசலைக் கடந்து, சந்திப்பில் விளக்குப் போட்டு, பாலத்துக்குப் போகும் சாலையில் திரும்பியது. அது மறையும்வரை பார்த்தார்.

"இங்கேருந்து பாத்தா எது எங்க திரும்புதுன்னு தெரியுது லா," என்றார். "மேல காரு நிக்கிறது மட்டுந்தானே தெரியும்."